அம்மாசி கேட்ட தண்ணீர்

ராஜா அண்ணாமலைபுரத்து மாடிகளுக்கெல்லாம் தொண்ணூற்றேழிலிருந்து தண்ணீர் கேன் சுமந்தவன் கதிரேசன். கேன்களின் மேல் நீல எழுத்தில் ஊற்றுப்பாக்கம் என்று இருக்கும். அது அவன் மனைவி தேவானை பிறந்த ஊர். அங்கே கம்பெனிக்காரன் ஆழ்துளை போட்டு உறிஞ்சியதில் ஊர்க் கிணறு வற்றிப்போனது. மாமனார் அம்மாசி நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு, ஆற்றங்கரைக் குடிசைக்கு மகளிடமே வந்துவிட்டார். ஊரார் குடிக்க இல்லாத தண்ணீரை அவருடைய மருமகன்தான் வீடு வீடாகக் கொண்டுபோய் இறக்கினான். விதியென்று சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

கதிரேசனைக் கெட்டவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு கோடையில் கேன் வந்திறங்கும் டிப்போவுக்குச் சரக்கு வரவில்லை. வாடிக்கை கைவிட்டுப் போகுமே என்று காலிக் கேன்களில் தெருக்குழாய்த் தண்ணீரைப் பிடித்து நிரப்பினான். யாரும் கண்டுபிடிக்கவில்லை. அப்புறம் அதுவே பழகிவிட்டது. தனக்காவது தெரியவேண்டுமே என்று அந்தக் கேன்களின் மூடியில் நகத்தால் ஒரு கீறல் போட்டுவைப்பான்.

ஆயுத பூஜையன்று அம்மாசிக்கு இழுத்துக்கொண்டிருந்தது. "நம்மூரு தண்ணி ஒரு வாய் குடும்மா" என்றார்.

தேவானை கணவனைப் பார்த்தாள். "தெனம் சுமக்கிறியே, ஒரு கேன் கொண்டாய்யா."

டிப்போ பூட்டியிருந்தது. அந்தத் தண்ணீர் கடைகளிலும் கிடைக்காது. ஊற்றுப்பாக்கம் போய்வர அரை நாளாகும். அந்த மூச்சு அதுவரை தாங்காது. வாடிக்கை வீடுகளில் ஒரு நல்ல கேனாவது இருக்காதா என்று ஓடினான். நாலு வீடு ஏறி இறங்கினான். எல்லா மூடியிலும் அவன் போட்ட கீறல்.

ஐந்தாவது, காமாக்ஷி மாமி வீடு. கொலுப்படிக்குப் பக்கத்தில் பிரிக்காத கேன் ஒன்று இருந்தது. அதிலும் கீறல். அவன் மூடியைத் தடவிக்கொண்டு நிற்பதைப் பார்த்து மாமியே கேட்டு மாமனார் விஷயத்தைத் தெரிந்துகொண்டாள்.

"அந்திம காலத்துல கேக்கறவருக்கு இல்லேன்னு சொல்லப்படாது. எங்காத்துக்கு நாளைக்குக் கொண்டுவந்தாப் போறும். இதை எடுத்துண்டு போ" என்றாள்.

வேண்டாம் என்பதற்கு என்ன காரணம் சொல்வான்? தோளில் தூக்கிக்கொண்டு, வழியெல்லாம் தன்னைத்தானே வைதபடி வந்தான்.

தேவானை தம்ளரில் ஊற்றி, ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு அப்பன் வாயில் விட்டாள். அம்மாசி விழுங்கினார். மருமகன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "நம்மூரு தண்ணிதான் மாப்ளே. நல்லாருக்குது" என்றார். பொழுது சாய்வதற்குள் போய்விட்டார்.

அதன்பின் கதிரேசன் எந்த மூடியிலும் கீறல் போடவில்லை. சரக்கு வராத நாளில் இல்லையென்றே சொல்லிவிடுவான். மறுவருஷம் திதிக்கு ஊற்றுப்பாக்கத்துக்கே பஸ் ஏறிப்போய், கம்பெனி வாசலில் கெஞ்சி ஒரு குடம் பிடித்துவந்து மாமனார் படத்துக்கு முன் வைத்தான்.

தேவானை அதில் ஒரு வாய் குடித்தாள். "இதான்யா நம்மூரு தண்ணி. அன்னிக்கு நீ கொண்டாந்தது தெருக்கொயா தண்ணி. வாயில வச்சதும் எனக்கே தெரிஞ்சுது, நைனாவுக்குத் தெரியாமலா இருக்கும்? நீ தல குனியக் கூடாதுன்னு அப்டி சொல்லிட்டுப் பூட்டாரு."

"அப்பவே இன்னாத்துக்கு நீ கேக்கல?" என்றான் கதிரேசன்.

"சாவப்போற மனுசனே கேக்கல. நான் இன்னான்னு கேக்கிறது?"