கன்றுக்குட்டிக்குக் கை ஏது?

இன்று அரியலூரில் என் எட்டாம் வகுப்புப் பாடத்தில் ‘நஸில்’ என்ற ஆங்கில வினைச்சொல் வந்தது. கன்றுக்குட்டி தாய்ப்பசுவை நஸில் செய்கிறதாம். “கட்டிப்பிடிக்குது” என்று சொல்லிவிட்டேன்.

“கன்னுக்குட்டிக்குக் கை ஏது மிஸ்?” என்றாள் மாட்டுக்காரர் வீட்டுக் கவிதா.

வகுப்பே சிரித்தது. பதினோரு வருடமாக ஆங்கிலம் நடத்துகிறவள் நான்.

மாலை பஸ்ஸில் செல்போனில் அகராதியைப் பார்த்தேன். மூக்கைக் குறிக்கும் ‘நோஸ்’ என்பதிலிருந்து வந்த சொல். முதலில் மூக்கால் மண்ணைக் கிளறுவதைச் சொன்னார்கள். மூக்கை வைத்துக் கொஞ்சுவது பிறகு வந்த பொருள். எல்லாம் புரிந்தது, தமிழ்ச்சொல் மட்டும் வரவில்லை.

பெரம்பலூரில் இறங்கினேன். லப்பைக்குடிக்காடு போகும் பஸ் பக்கத்தில், கயிறு கட்டிய பெரிய பெட்டிகளோடு ஒருவர் நின்றிருந்தார். வளைகுடாவிலிருந்து வருகிறார் போல. அழைத்துப்போக வந்த சின்ன மகள் அடையாளம் தெரியாமல் அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

“அத்தாம்மா. வந்துட்டேன்ல?” என்றார் அந்த அப்பா.

மெல்ல வந்தாள். அவர் குனிந்து, அவள் உச்சந்தலையில் மூக்கைப் புதைத்து, மூச்சை ஆழ இழுத்தார். பிரிந்திருந்த வருடங்களையெல்லாம் சேர்த்து இழுத்தது போலிருந்தது.

உச்சிமுகர்தல்!

ஆங்கிலம் மண்ணைக் கிளறி வந்து சேர்ந்த இடத்துக்கு, நாம் பிள்ளையின் தலை வழியாக நேரே போயிருக்கிறோம். காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம் என்றால் புடவையில் காலர் இல்லை.

நாளை கவிதாவிடம் தோல்வியை ஒப்புக்கொள்வேன். நீங்கள் சொல்லுங்கள், உங்களைக் கடைசியாக உச்சிமுகர்ந்தது யார்? ஷாம்பு பெயர் வேண்டாம், ஆள் பெயர் போதும்.