நடுவீதியில் நின்ற உரை

பாராளுமன்றத்தில் ஒருவர் எழுந்து பேசும்போது, அந்தச் சொற்களை எழுதிய இன்னொருவர் ஏதோ ஒரு புறநகர் அலுவலகத்தில் கடித உறைகளுக்கு முத்திரை ஒட்டிக்கொண்டிருப்பார். தொண்ணூறுகளில், தென்கிழக்கு மெல்பேணில், அந்த இன்னொருவர் நான். எங்கள் உறுப்பினர் டெரெக் முன்னாள் உடற்பயிற்சி ஆசிரியர். ஆளும் கட்சியின் கடைசி வரிசையில் உட்காருபவர். உங்கள் மேலதிகாரி பேசுவதற்காக நீங்கள் எப்போதாவது எழுதிக் கொடுத்திருந்தால், என் பாடு என்னவென்று விளக்கத் தேவையில்லை.

விடையோடு வரும் கேள்வி

ஒருநாள் காலை எங்கள் தொகுதியிலுள்ள மல்கிரேவிலிருந்து சிவஞானம் அங்கிள் கைத்தடியுடன் வந்தார். வயது எண்பது, முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்தவர். வியாழன்தோறும் முதியோர் சங்கத்துக்குப் போக, ஒரு பெரிய வீதியைக் கடக்க வேண்டும். பச்சை விளக்கு அணைவதற்குள் அவரால் பாதித் தூரம்தான் போக முடியும். அடுத்த பச்சை வரும்வரை, இருபுறமும் லொறிகள் ஓட, நடுத்திட்டில் நிற்பார். "இன்னொருக்கா அதில நிக்கிறதைக் கண்டால் சங்கத்துக்கே விடமாட்டன் எண்டு மகள் சொல்லிப்போட்டா. வியாழக்கிழமை இல்லையெண்டால் எனக்குக் கிழமையே இல்லைப் பிள்ளை. பாராளுமன்றத்தில கேளுங்கோ" என்றார்.

ஆளும் கட்சிக்காரர் அவையில் கேட்கும் கேள்வியை அமைச்சரின் அலுவலகமே எழுதித் தொலைநகலில் அனுப்பிவிடும். டெரெக் எழுந்து அதை வாசிப்பார். அமைச்சர் அதை அப்போதுதான் கேட்டவர்போலத் தலையாட்டிவிட்டு, கையில் தயாராக இருக்கும் விடையை வாசிப்பார். எங்கள் சொந்தக் கேள்விக்கு அங்கே இடமில்லை. இதையெல்லாம் சொன்னேன். அங்கிள் கைத்தடியைக் கதிரையில் சாய்த்துவைத்தார்.

"அப்ப ரெண்டு பேரும் ரெலிபோனில கதைச்சு முடிக்கலாமே. இதுக்கேன் அவ்வளவு பெரிய கட்டிடம்?"

அமைச்சர் அறிவாரா?

எழுத்தில் கேட்கும் கேள்வியை யாரும் நமக்கு எழுதித் தருவதில்லை. ஆகவே அந்த வழியில் போனோம். மூன்று நாள் அடித்துத் திருத்தி, வீதிகளுக்குப் பொறுப்பான அமைச்சருக்கு மிகப் பணிவாக எழுதினேன்: 'இந்தக் கடவையில் முதியவர்கள் நடுவீதியில் அகப்பட்டுக்கொள்வதை அமைச்சர் அறிவாரா?' கேள்வி அச்சான தாளை அங்கிள் மகளிடம் காட்டி, பதில் வரும்வரை தவணை வாங்கிக்கொண்டார்.

ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. நல்ல தடித்த தாள், கீழே கையொப்பம். நடுவில் ஒரே சொல்: 'அறிவார்.'

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களே, 'எப்போது சரிசெய்வார்' என்று கேட்கப் பழகுங்கள். நான் அதைப் பழகுவதற்குள் அங்கிளின் தவணை முடிந்துவிட்டது. மகள் நத்தார்ப் பண்டிகைவரை மட்டும் நீட்டித் தந்தார். டெரெக் பதிலை இரண்டு தரம் வாசித்தார். என்னைக் கடிந்துகொள்ளவில்லை.

"அவரைக் குறை சொல்ல முடியாது. கேட்டதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்."

தொண்ணூறு வினாடி

மிஞ்சியது உறுப்பினர் அறிக்கை. தொகுதியைப் பற்றி எதையும் பேசலாம், தொண்ணூறு வினாடிக்குள். நான் எழுதியது எண்பத்தைந்து வினாடி. அலுவலகக் குசினியில், அடுப்பின் மணிக்கூட்டை வைத்து நான்கு தரம் ஒத்திகை பார்த்தோம். அங்கிளும் சங்கத்து நண்பர்கள் இருவரும் கோட் அணிந்து, ரயிலேறி வந்து பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தார்கள்.

டெரெக் எழுந்தார். எழுந்தவருக்கு முந்தின சனிக்கிழமை வென்ற பள்ளிக்கூட வலைப்பந்து அணி நினைவுக்கு வந்துவிட்டது. அணித்தலைவியைப் பாராட்டினார், பயிற்றுநரைப் பாராட்டினார், தோடம்பழம் வெட்டிக் கொடுத்த அம்மாமாரையும் விடவில்லை. பிறகுதான் என் தாளுக்கு வந்தார். 'ஒரு முதியவர் கைத்தடியோடு நடுவீதிக்கு வருகிறார், அப்போது விளக்கு' என்ற இடத்தில், நேரம் முடிந்தது என்று சபாநாயகர் உட்காரச் சொல்லிவிட்டார். எதிர்க்கட்சி வரிசையிலிருந்து ஒருவர், "அந்த மனுஷன் இன்னும் அங்கேயா நிற்கிறார்?" என்று குரல் கொடுக்க, அவையே சிரித்தது. அமைச்சரும் சிரித்தார்.

மறுநாள் வந்த அச்சிட்ட அவைப் பதிவிலும் உரை 'அப்போது விளக்கு' என்பதோடு நின்றிருந்தது. வெட்கத்தோடு அங்கிளிடம் நீட்டினேன்.

"சரியாத்தான் எழுதியிருக்கினம். நானும் அதிலதானே நிக்கிறனான்."

கை காட்டிய கார்

அன்று பின்னேரமே அமைச்சரின் உதவியாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். முதியவர் கடந்துவிட்டாரா என்று அமைச்சர் கேட்கிறாராம். இல்லை, வியாழன் மறுபடி நிற்பார் என்றேன். நத்தாருக்கு இரண்டு கிழமை முன்பு பச்சையின் நேரத்தை நீட்டினார்கள். அங்கிள் ஒரே நடையில் அக்கரை போய்ச் சேர்ந்தார். மகளும் சம்மதித்துவிட்டார்.

அடுத்த மாதம் ஒரு வாகனக்காரர் தொலைபேசியில் பொரிந்து தள்ளினார். அந்தக் கடவையில் காத்திருந்து வேலைக்குப் பிந்துகிறதாம். பச்சையைக் குறைக்கும்படி பாராளுமன்றத்தில் கேட்க வேண்டுமாம். முகவரியைக் குறித்துக்கொண்டு வந்தபோது பேனை நின்றது. அது அங்கிளின் வீடு.

அங்கிள் அடுத்து வந்தபோது பொதுவாகக் கேட்டேன்: "வீட்டில ஆர் ஆர் இருக்கிறியள் அங்கிள்?"

"நானும் மகளும் மருமகனும். ஏன்?" என்றவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார்.

"போன வியாழன் லைற்றில முன்னுக்கு நிண்டது மருமகன்ரை கார்தான். நான் கை காட்டினனான், அவரும் ஒரு மாதிரிக் கை காட்டினவர். இப்பதான் விளங்குது."

பாராளுமன்றத்துக்காக ஒன்பது வருடம் எழுதியதில், மருமகனுக்காக நான் எழுதாமல் விட்ட அந்தக் கேள்வியைத்தான் இன்றும் என் சிறந்த படைப்பாகக் கருதுகிறேன்.