பானுமதி எழுதித் தராத சீட்டு

தாராவியில் கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வருகிற பலருக்கு ஒரே ஒரு வைத்தியம்தான் தெரியும்: இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் போடுவது. பானுமதிக்கு அந்த வைத்தியத்தைக் கண்டாலே ஆகாது. நாற்பத்தோரு வயது, கறாரான பேச்சு, தோளில் ஒரு துணிப்பை. பைக்குள் ஸ்குரூடிரைவர்கள், தூசி தட்ட ஒரு பவுடர் பிரஷ், பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார் கழுத்தில் தொங்குமே, அந்த மாதிரி ஒரு ஸ்டாப்வாட்ச். "கம்ப்யூட்டர் மெதுவா இருக்கு" என்று யாராவது சொன்னால் அவளுடைய முதல் கேள்வி, "மெதுவான்னா எத்தன நிமிசம்?"

பத்து வருடம் லேபர் கேம்ப் பக்கம் நசீர் பாயின் இன்டர்நெட் கடையில் ஊராருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவள். மெஷின் நின்றுபோனால் நசீர் பாய் ஆள் தேடி ஓடுவார். அவர் ஆளோடு திரும்புவதற்குள் இவள் மூடியைக் கழற்றிச் சரிசெய்து மாட்டியிருப்பாள். எல்லார் கையிலும் போன் வந்து கடை படுத்தபிறகு வீடு வீடாகப் போக ஆரம்பித்தாள். திலக் நகர் மாடிவீடுகள், அணுசக்தி நகர் குவார்ட்டர்ஸ்கள். கதவைத் திறப்பவர்கள் அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "ரிப்பேர் பண்ற ஆள் வரலையா?" என்பார்கள். "நான்தான் ஆளு. செருப்ப எங்க விட?" என்றபடி உள்ளே நுழைந்துவிடுவாள்.

ஆயுத பூசை முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தபோது பேச்சிராஜா அண்ணாச்சியின் கார்கானாவிலிருந்து, கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே நேரமாகிறது என்று கூப்பிட்டார்கள். தோல் பை தைக்கிற பட்டறை. பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். காலையில் வந்ததும் கம்ப்யூட்டரில் மாட்டிய விரல்ரேகை மெஷினில் விரலை வைத்தால்தான் வந்ததாக அர்த்தம். ஒன்பதைத் தாண்டினால் லேட். மூன்று லேட் சேர்ந்தால் அரைநாள் போச்சு. ஆள் எதிரே நின்று கும்பிடு போட்டாலும் செல்லாது. அந்த மெஷினின் தம்மாத்துண்டு கண்ணாடி சொன்னால்தான் அவன் வந்திருக்கிறான். மனிதனை நம்பாமல் கண்ணாடியை நம்புவதற்கு இப்போது நிர்வாகத் திறமை என்று பெயர்.

"தங்கச்சி, நீ ரொம்ப நேரம் பாக்க வேண்டாம்" என்றார் பேச்சிராஜா. "வைரஸ்னு நேத்து வந்த ஆளே சொல்லிட்டான். யார் ஏத்துனதுன்னும் எனக்குத் தெரியும். நீ ஒரு சீட்டுல 'பென்டிரைவ் வழியா வைரஸ் வந்திருக்கு'ன்னு எழுதிக் குடு, போதும்."

"சீட்டு எதுக்கு அண்ணாச்சி?"

"அவன அனுப்பணும்லா? காரணம் வேணாமா?"

'அவன்' பத்தடி தள்ளித் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தான். இசக்கி. முப்பது வயது, ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பன். சாவி அவனிடம்தான்; காலையில் ஷட்டரைத் தூக்கிக் கம்ப்யூட்டரைப் போடுவதும் அவன்தான். ஒருநாள் அவன் கையில் பாட்டு ஏற்றிய பென்டிரைவை அண்ணாச்சி பார்த்துவிட்டார். அதோடு விசாரணை முடிந்தது. சாயங்காலத்தோடு கணக்கு முடித்துக்கொள்ளச் சொல்லியாகிவிட்டது.

பானுமதி கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போட்டாள், ஸ்டாப்வாட்சை அமுக்கினாள். டீ வந்தது, குடித்தாள். பசை தடவும் மேஜையில் இருந்த கலைச்செல்வி, "யக்கா, நாங்க தினமும் இப்படித்தான் வரிசையில நின்னு சாமி தரிசனம் பாக்கோம்" என்றாள்.

பதிமூன்று நிமிடம் இருபது விநாடி.

"அப்ப தினமும் எல்லாருக்கும் லேட்டு விழுதா?"

"விழுது. ஒம்பதுக்கு அஞ்சு நிமிசம் இருக்கையில எல்லாரும் வந்துருதோம். இது முழிக்கயில ஒம்பது தாண்டிருது."

"இன்னும் சீக்கிரம் வரவேண்டியதுதான?" என்றார் அண்ணாச்சி.

"அதுக்குத்தான் அண்ணாச்சி, ராத்திரி இங்கயே பாய விரிச்சுப் படுத்துக்கிடலாம்னு பாக்கேன்." தலையை நிமிர்த்தாமலே சொன்னாள் கலைச்செல்வி. நாலு பேர் குனிந்து சிரித்தார்கள்.

பானுமதி வைரஸ் தேடினாள், இல்லை. ஹார்ட் டிஸ்க்கைச் சோதித்தாள். கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. பிறகு சேஃப் மோடில் போட்டாள். அதாவது வெளியில் மாட்டிய சாமான்கள் எதையும் கண்டுகொள்ளாமல், அத்தியாவசியமானதை மட்டும் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரை எழுப்புவது. ஐம்பது விநாடியில் எழுந்து உட்கார்ந்தது.

"கோளாறு உள்ள இல்ல. ஏதோ ஒரு டிரைவர் இழுக்குது" என்றாள்.

"டிரைவரா?"

"வெளிய மாட்டுன சாமானோட பேசுறதுக்குன்னு உள்ள ஒரு ப்ரோக்ராம் இருக்கும் அண்ணாச்சி. பிரின்டருக்கு ஒண்ணு, விரல் மெஷினுக்கு ஒண்ணு. அதுல எது முரண்டு பிடிக்குன்னு பாக்கணும்."

"எனக்கு என்னமோ கண்ணு பட்டிருக்குன்னுதான் தோணுது. ரெண்டு பெரிய ஆர்டர் வந்துச்சு, அதுலேர்ந்துதான்..." அண்ணாச்சி இழுத்தார். கம்ப்யூட்டர் கேபினட்டின் தலையில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டியிருந்தது.

"கம்ப்யூட்டருக்குக் கண்ணு படாது. மனுசனுக்கும் படாது. பழி வேணா படும்" என்றாள் பானுமதி.

கம்ப்யூட்டர் தன் நாட்குறிப்பைத் தானே எழுதிக்கொள்ளும். என்றைக்கு எழ எவ்வளவு நேரம் ஆயிற்று, எது தாமதப்படுத்தியது, எல்லாம் தேதியோடு இருக்கும். யாரும் திறந்து பார்ப்பதில்லை என்பதுதான் சங்கதி. பானுமதி திறந்தாள். ஒரே பெயர் வரிசையாக வந்தது: விரல்ரேகை மெஷினின் டிரைவர். ஆனால் மேஜைமேல் இருந்த மெஷின் வேறு கம்பெனி.

அவள் தரையில் மண்டியிட்டு, கம்ப்யூட்டரிலிருந்து போன ஒரு ஒயரைப் பிடித்துக்கொண்டே கேபினட்டுக்குப் பின்னால் போனாள். அங்கே, சாமி படத்துக்குக் கீழே, இன்னொரு விரல்ரேகை மெஷின் காய்ந்த சாமந்தி மாலையோடு உட்கார்ந்திருந்தது. கண்ணாடியில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். ஒயர் கம்ப்யூட்டரில் மாட்டியபடியே இருந்தது.

"இது என்ன அண்ணாச்சி?"

"பழைய மெஷினு. பூசைக்கு அப்புறம் விரல எடுக்க மாட்டேன்னுட்டு. மருமவன் புதுசு வாங்கி மாட்டினாரு."

"பழசக் கழட்டலையா?"

"பூசை வச்ச மெஷின அடுத்த பூசை வரைக்கும் கழட்டக் கூடாதும்மா. கார்கானாவுக்கு ஆகாது."

"பூசை எப்படி வச்சீங்க?"

"எல்லாரும் வைக்கிற மாதிரிதான். சந்தனம் வச்சு, பன்னீர் தெளிச்சு..." சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது.

முழுதாகச் செத்த மெஷினாக இருந்தால் கம்ப்யூட்டர் அதை விட்டிருக்கும். இது பன்னீர் குடித்துப் பாதி உயிரோடு கிடந்தது. ஒவ்வொரு காலையும் அதன் டிரைவர் கூப்பிடும். அது அரைகுறையாக முனகும். டிரைவர் காத்திருந்து மறுபடி கூப்பிடும். பதிமூன்று நிமிடமும் இந்தக் கூத்துதான்.

பானுமதி ஒயரைப் பிடுங்கினாள். அண்ணாச்சி "ஐயோ, ராகு காலம்" என்பதற்குள் காரியம் முடிந்திருந்தது. பழைய டிரைவரை நீக்கிவிட்டுக் கம்ப்யூட்டரை மறுபடி போட்டாள். ஐம்பத்திரண்டு விநாடி. கலைச்செல்வி கை தட்டினாள்.

"சரி, போச்சு போ. நல்ல வேலக்காரி நீ. அந்தச் சீட்ட மட்டும்..." என்றார் அண்ணாச்சி.

"இருங்க. முதல் முதலா பதிமூணு நிமிசம் இழுத்தது பூசை முடிஞ்சு கடை திறந்த காலையில. அன்னைக்கு யார் கம்ப்யூட்டரப் போட்டது?"

கலைச்செல்வி சொன்னாள்: "அண்ணாச்சிதான். இசக்கி தங்கச்சி கல்யாணத்துக்கு சங்கரன்கோயில் போயிருந்தாம்லா? பத்து நாள் லீவு."

பானுமதி வருகைப் பதிவைத் திறந்து திரையை அவர் பக்கம் திருப்பினாள். பத்து நாளும் இசக்கி பெயருக்கு நேரே லீவு என்று இருந்தது. அண்ணாச்சி நம்புகிற கண்ணாடியே சாட்சி சொன்னது.

"இப்ப எழுதட்டா அண்ணாச்சி சீட்டு? 'மெஷின் பன்னீரால் கெட்டது. தெளித்தது முதலாளி'ன்னு?"

இந்தத் தடவை யாரும் குனிந்து சிரிக்கவில்லை. நிமிர்ந்தே சிரித்தார்கள். பேச்சிராஜாவுக்கும் உதடு கோணியது. கெட்ட மனிதர் இல்லை. தான் தவறு செய்திருக்கக்கூடும் என்பதை யோசிக்க அவருக்கு அவசியமே நேர்ந்ததில்லை, அவ்வளவுதான். முதலாளிகளுக்கு அந்த வசதி உண்டு.

"எழுத வேண்டாம்மா, விடு" என்றார்.

"சீட்ட விடுதேன். இந்த மூணு வாரத்து லேட்டு?"

"அது கம்ப்யூட்டர்ல ஏறிட்டே. ஏறுனத என்ன செய்ய?"

"ஏறுனது இறங்கும். அட்மின் நீங்கதான். உங்க விரல் வச்சா திருத்தலாம். வாங்க."

அண்ணாச்சி புது மெஷினில் விரலை வைத்தார். எடுக்கவில்லை. மறுபடி வைத்தார். அதுவும் எடுக்கவில்லை. "அண்ணாச்சிக்கும் லேட்டு போடட்டா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மூன்றாம் தடவை பச்சை விளக்கு எரிந்தது. பதினோரு பேருக்கும் நேற்று வரைக்குமான லேட் ஒவ்வொன்றாகக் கழிந்தது. நேரம் பிடித்தாலும் ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

அண்ணாச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு தையல் மெஷின் பக்கம் திரும்பினார். "ஏல இசக்கி, சாயங்காலத்தோட கணக்கு முடிக்கச் சொன்னதெல்லாம் மறந்துரு. நாளைக்கு வழக்கம்போல வந்து கடையத் தொற."

இசக்கி ஊசியிலிருந்து நூலை அறுத்துவிட்டு எழுந்து வந்தான். திரையைக் கடைசி வரிவரை பார்த்தான்.

"நாளைக்குள்ளது நாளைக்கு அண்ணாச்சி. இன்னைக்கு எல்லாருக்கும் லேட்டுன்னே கெடக்கு, எனக்கு ஒம்பது நாலு. எட்டு அம்பதுக்கு ஷட்டரத் தூக்கினேன். இதையும் மாத்துங்க."

பேச்சிராஜா பானுமதியைப் பார்த்தார். அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். அவர் விரலைச் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு மறுபடி நீட்டினார்.