ஆறு தொட்டி டேலியா

டேலியா ஒரு பூவா? தலையில் வைக்க முடியாது. வைத்தால் கொண்டையில் தட்டைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். தொடுத்து மாலையாக்க முடியாது. மாதா சுரூபத்துக்கு முன்னால் வைத்தால் பூசை முடிவதற்குள் தலையைத் தொங்கப் போட்டுவிடும். வாசமாவது உண்டா என்று மூக்கை வைத்தால், கிள்ளிப் போட்ட கீரைத்தண்டின் வாசம். இந்த அழகுக்கு அதற்கு நல்ல தண்ணீர் வேண்டும், நல்ல மண் வேண்டும், முட்டுக் கொடுக்கக் குச்சி வேண்டும், உச்சி வெயிலில் நிழல் வேண்டும். என் மாமியாருக்குக்கூட நான் அவ்வளவு செய்ததில்லை.

நான் சொல்வது எழுபதுகளின் நடுவில். தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்தன. என் வீட்டுக்காரர் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீஸில் கிளார்க். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, யார் எது சொன்னாலும் தலையாட்டல். மேனேஜர் குன்னூர்ப் பக்கத்து ஆள். அவர் சம்சாரத்துக்குத் தோட்டம் என்றால் பைத்தியம். கடற்கரை ரோட்டுப் பங்களாவில் லாரி லாரியாக மண் அடித்து, ரோஜா, டேலியா, இன்னும் வாயில் நுழையாத பெயருள்ள செடிகளை எல்லாம் அந்த அம்மாள் வளர்த்தார். வளர்த்தார் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வதுதான். வளர்த்தது இரண்டு தோட்டக்காரர்கள். அந்த அம்மாளின் வேலை பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, இந்த ஊர்க் காற்றுகூட உப்பு என்று சலித்துக்கொள்வது. ஆபீஸ் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை அங்கே போய், மொட்டே விடாத செடியைக்கூடப் பார்த்து 'ஆகா' சொல்லிவிட்டு வருவார்கள். என் வீட்டுக்காரர் அதில் முதல் ஆள்.

ஒரு அக்டோபர் மாதம், செய்தித்தாளில் சுற்றிய ஆறு கிழங்குகளைக் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்தார். சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று நினைத்து நான் வேகவைக்கச் சட்டியை எடுத்தேன். மனுஷர் பதறிப்போனார். அது மேனேஜர் அம்மாள் அவரை நம்பிக் கொடுத்த டேலியாக் கிழங்காம். ஜனவரியில் கிளப்பில் பூப்போட்டி நடக்கிறதாம். பங்களாவில் கடல்காற்று நேராக அடிக்கிறது, எங்கள் வீட்டு முற்றம் மறைவானது, அதனால் ஆறு தொட்டியை எங்கள் வீட்டில் வளர்த்துக் கொடுக்க வேண்டுமாம். போட்டி யார் பெயரில் என்று கேட்டேன். அந்த அம்மாள் பெயரில்தான். நாம் வளர்த்து அவள் பரிசு வாங்க, நாம் என்ன அவள் வீட்டுக் கூலியா என்று நன்றாகக் கேட்டுவிட்டேன். அப்புறம்தான் குரலைத் தாழ்த்தி வீட்டு விஷயத்தைச் சொன்னார்.

துறைமுக ரோட்டில் அவர்கள் கம்பெனிக்கு நான்கு வீடுகள் இருந்தன. ஒன்றில் இருந்தவர் ஓய்வு பெற்றுப் போகிறார். அந்த வீடு யாருக்கு என்பது மேனேஜர் கையில். மேனேஜர் அந்த அம்மாள் கையில். அந்த வீட்டை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அறைகளை யார் பார்த்தது? பின்வாசலில் ஒரு பைப் இருந்தது. திருகினால் வல்லநாட்டிலிருந்து வரும் ஆற்றுத் தண்ணீர், வீட்டுக்குள்ளேயே.

எங்கள் வீட்டுக் கிணற்றில் உப்புத் தண்ணீர். குளிக்கலாம், துணி துவைக்கலாம், அவ்வளவுதான். குடிக்கவும் உலை வைக்கவும் தெருமுனைக் குழாயடிதான் கதி. அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள், விடியற்காலையில் ஒரு மணி நேரம். இரண்டு வயதுப் பிள்ளையைத் தூக்கத்தில் விட்டுவிட்டு ஓடி, எட்டுக் குடம் சுமப்பேன். குடத்தால் ஒருத்தியை ஒருத்தி இடித்து, வாய்க்கு வந்தபடி ஏசி, அதே பெண்களோடு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஒரே வரிசையில் முழந்தாளில் நிற்பேன். ஆண்பிள்ளைகள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள். குழாயடியில் நின்றால் மீசை உதிர்ந்துவிடும் போலிருக்கிறது. எனக்கு அந்த பைப் வேண்டும். அதற்காக யார் காலிலும் விழ என் வீட்டுக்காரர் தயார் என்றால், விழட்டுமே.

"அவளுக்குப் பூவு, நமக்கு பைப்பு. அப்படித்தான?" என்று கேட்டேன். அப்படித்தான் என்றார்.

தொட்டிக்கு உடன்குடிப் பக்கத்திலிருந்து ஒரு மூட்டை செம்மண் வந்தது. ஆட்டுப்புழுக்கை வந்தது. முளை வரும்வரை தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் குனிந்து குனிந்து பார்ப்பார். பெற்ற பிள்ளைக்குப் பல் முளைத்தபோது அப்படிப் பார்த்தாரா? முளை வந்தபின் தண்ணீர்ச் சண்டை. நான் இடுப்பொடியச் சுமந்து வந்த நல்ல தண்ணீரைத் திருட்டுத்தனமாக மொண்டு மொண்டு ஊற்றினார். ஒருநாள் சோற்றுக்கு உலை வைக்கக் குடத்தைச் சாய்த்தால் அடியில் இரண்டு செம்பு தண்ணீர்தான் கிடந்தது. அன்று அவரை நான் ஏசிய ஏச்சில் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்துகொண்டன. அவர் பேசாமல் நின்றார். அப்படி நிற்பவரை ஏசுவதில் ஒரு ருசியும் இல்லை. ஆனாலும் ஏசினேன்.

இரண்டு நாளில் எனக்கே பயம் பிடித்துக்கொண்டது. இந்த ஆள் கையில் விட்டால் செடி செத்துவிடும், பைப்பும் போய்விடும். ஊற்றவே தெரியவில்லை; ஒருநாள் குளம், ஒருநாள் காய்ச்சல். கடைசியில் நானே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். குழாயடியில் எட்டுக் குடம் ஒன்பதானது. ஒன்பதாவது டேலியாவுக்கு. காலையில் அளந்து நான் ஊற்றுவேன். சாயங்காலம் அவர் வந்ததும் இரண்டு பேரும் தொட்டிப் பக்கத்தில் உட்காருவோம். நடு மொட்டு பெரிதாக வேண்டும் என்றால் பக்கத்து மொட்டுகளைக் கிள்ளிவிட வேண்டும் என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தாராம். அவர் நகத்தால் கிள்ளுவார். நான் பழைய சேலையைக் கிழித்து, தண்டைக் குச்சியோடு கட்டுவேன். பிள்ளை மண்ணை அள்ளித் தின்னும்.

கை வேலையாக இருக்கும்போது வாய் சும்மா இருக்குமா? புது வீட்டைப் பற்றித்தான் பேச்சு. பைப்புக்குக் கீழே சிமெண்டுத் தொட்டி ஒன்று கட்ட வேண்டும் என்பேன். அம்மிக்கல்லை எங்கே போடுவது, துணிக் கொடியை எங்கே கட்டுவது, பிள்ளைக்கு அந்த வீட்டு வேப்பமரத்தில் தூளி போடலாமா, எல்லாம் பேசுவேன். என் அம்மாவை ஒரு மாதம் கூட்டிவந்து வைத்துக்கொள்ளலாமா என்றுகூடக் கேட்டேன். அதற்கும் சரி என்றார். அவர் தலையைத் தூக்காமல் மொட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். இந்த மனுஷருக்கு என் பேச்சைவிட டேலியாதான் பெரிது என்று எரிச்சலாக இருக்கும். இருந்தாலும் பேசிக்கொண்டேதான் இருந்தேன்.

டிசம்பர் பாதியில் மொட்டுகள் எலுமிச்சங்காய் அளவுக்கு வந்தன. அந்த அம்மாள் எலும்புத்தூள் வாங்கிப் போடச் சொல்லி அனுப்பினார். எலும்புத்தூளாம்! எனக்குச் சிரிப்பு வந்தது. நான் சங்கு குளிக்கப் போனவருடைய மகள். கடற்கரையில் எங்கள் வீட்டுத் தென்னை குலை தள்ளி நின்றது என்றால், அது மீன் குடலும் செதிலும் தின்று வளர்ந்ததால்தான். மண்ணைத் தொடாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மலைக்காரி எனக்கு உரம் சொல்லித் தருவதா? மீன் உரத்தில் ஆறு பூவையும் தாம்பாளம் அளவுக்குப் பூக்க வைத்து அவள் முகத்துக்கு முன்னால் நீட்டுகிறேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துக் கிறிஸ்துமஸ் வந்தது. பெருநாள் என்றால் எங்கள் ஆட்கள் வள்ளத்தைக் கடலில் தள்ளமாட்டார்கள். ஒரு வாரம் கரையில் பச்சை மீனே இல்லை. குடலுக்கு எங்கே போவது? எனக்குப் பொறுமை ஏது? கருவாடு காயப்போடுகிற இடத்துக்குப் போனேன். கருவாட்டுக்காரி கூட்டி ஒதுக்கியிருந்த தலையும் வாலும் தூளுமாக ஒரு கூடை கேட்டேன். எதற்கு என்று கேட்டாள். செடிக்கு என்றேன். அவள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அள்ளிப் போட்டாள்.

கருவாட்டில் உப்பு இருப்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அதனால்தான் ஊற வைத்து, இரண்டு தண்ணீரில் அலசினேன், குழம்புக்கு அலசுகிற மாதிரி. குழம்புக்கு அது போதும். அதுவும் எந்தத் தண்ணீரில்? நல்ல தண்ணீரை இதற்குப் போய் வீணாக்குவதா என்று கிணற்றுத் தண்ணீரில். அலசி, தொட்டிக்கு நாலு கை வீதம் வேரோரம் புதைத்து, மேலே செம்மண்ணைத் தள்ளி மூடினேன். அவரிடம் சொல்லவில்லை. பூத்த பிறகு சொல்லி, அவர் வாயைப் பிளப்பதைப் பார்க்கலாம் என்று இருந்தேன்.

முதலில் தெருப்பூனைகள் வந்தன. பிறகு காக்கை. நாலாம் நாள் இலை ஓரமெல்லாம் பழுப்பு ஏறியது. ஏழாம் நாள் மொட்டுகள் ஒவ்வொன்றாகக் கழுத்து ஒடிந்து தொங்கின. தொட்டியில் மண்ணுக்கு மேலே வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது உப்பு. அன்று சாயங்காலம் அவர் தொட்டிப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் குசினி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். விரலால் மண்ணைக் கிளறினார். ஒரு சாளைக் கருவாட்டுத் தலை வெளியே வந்தது. அதைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மறுபடி உள்ளே வைத்து, மண்ணைத் தள்ளி மூடிவிட்டு எழுந்து வந்தார். சாப்பிடும்போதும் ஒன்றும் கேட்கவில்லை. நான் செய்தது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று எனக்குத் தெரியும். அப்போதும் எனக்கு அவர் மேல்தான் இளக்காரம். பெண்டாட்டியை ஒரு வார்த்தை திட்டத் தெம்பில்லாத ஆள், இவரெல்லாம் ஒரு ஆண்பிள்ளை என்று நினைத்துக்கொண்டே சோறு போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாள் காரில் வந்துவிட்டார், தொட்டிகளைப் பார்த்துவிட்டுப் போக. முற்றத்துக்குள் கால் வைத்ததும் கைக்குட்டை மூக்குக்குப் போனது. செத்துத் தொங்கிய செடிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தது எனக்குத் தீயை மிதித்த மாதிரி இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முன்னால் போய் நின்றார்.

"உப்புத் தண்ணிய மாத்தி ஊத்திட்டேன் மேடம். என் தப்புதான்."

அந்த அம்மாள் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். பிறகு சிரித்தார். படித்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு, சத்தம் வராது.

"வீடு கிடைக்கலைங்கிற கோபத்துல செடியைக் கொன்னுட்டீங்களா? அதை நவம்பர்லயே அக்கவுண்ட்ஸ் ஆளுக்குக் கொடுத்தாச்சுன்னு சார் அன்னைக்கே உங்ககிட்ட சொன்னாரே. அப்போ பெருசா, பரவாயில்லைன்னு சொன்னீங்க?"

அவர் அதற்கும் தலையை ஆட்டினார். கார் போய்விட்டது.

நவம்பர். நான் விரலை மடக்கிப் பார்த்தேன். நான் ஒன்பதாவது குடம் சுமக்கத் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருக்கும். சிமெண்டுத் தொட்டி, துணிக் கொடி, என் அம்மா, வேப்பமரத்துத் தூளி, அத்தனையும் அதற்குப் பிறகுதான் பேசியது. இல்லாத வீட்டில் நான் அம்மிக்கல்லைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். இந்த மனுஷர் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. ஏன் சொல்லவில்லை, என்னை என்ன மாடு என்று நினைத்தீர்களா, எதற்கு இத்தனை நாள் என்னைச் சுமக்க வைத்தீர்கள் என்று கேட்டேன்.

அவர் திண்டாடுவார், மழுப்புவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

"சொன்னா நீ தொட்டிப் பக்கமே வந்திருக்க மாட்டல்லா. கல்யாணம் ஆயி நாலு வருசத்துல நீ என்னைய ஏசாமப் பேசினது அங்கன உக்காந்துதான்ளா."

எனக்கு வார்த்தைக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. நியாயமும் அத்தனை என் பக்கம்தான் இருந்தது. கத்த வாயைத் திறந்தேன். அவர் குனிந்து முதல் தொட்டியைத் தூக்கினார். ஆறு தொட்டியையும் ஒவ்வொன்றாகப் பின்புறம் கொண்டுபோய்க் கொட்டினார். நான் கூடப் போய் ஒரு கை பிடிக்கவில்லை. கருவாட்டைப் போட்டது நான்தான் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை. அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, பிள்ளைக்குப் பசிக்கும் என்றார்.

அன்று முழுக்க நான் பேசவில்லை. மறுநாள் காலையில் எதற்கோ அவரை ஏசினேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பினார்.