ஈரப்புடவையும் சாத்திய கதவும்

பாடி மேம்பாலத்தடியில் பஸ் நின்றதும் காற்றும் நின்றது. வெயில் முப்பத்து நான்கு டிகிரி, உடம்புக்கு நாற்பத்திரண்டு போலிருக்கும் என்றது போன். சட்டை முதுகில் ஒட்டியதும் ஏழாம் வகுப்புக் கோடை ஞாபகம் வந்தது.

நைட் ஷிப்ட் முடித்த அப்பா, தகர ஷீட் கூரை போட்ட வீட்டில் பகலில் தூங்குவார். தண்ணீர் ஆவியானால் குளிரும் என்று படித்திருந்தேன். அம்மாவின் புடவைகளை நனைத்து அறை முழுக்கக் கட்டி, குளிர்ச்சி போய்விடாதபடி கதவு, ஜன்னலைச் சாத்தினேன்.

சற்று நேரத்தில் அப்பா வியர்வையில் தொப்பலாக நனைந்து எழுந்தார்.

"இன்னா நைனா, ஊட்ட இட்லி குண்டானா ஆக்கி வச்சிக்கீற? கதவத் தொற, ஆவி போவட்டும்."

காற்று வந்தது. அவருக்குத் தூக்கம் வரவில்லை. அன்றிரவு சிவந்த கண்ணோடு, இரும்பு உருக்கும் உலை வேலைக்குக் கிளம்பினார். மறுநாள் விடிந்ததும் வாசலில் உட்கார்ந்திருந்தேன்; அவர் சைக்கிள் தெருமுனையில் வீட்டுப் பக்கம் திரும்பிய பிறகுதான் நான் பல் துலக்கப் போனேன்.