சரியக்காவின் காது

ஆஸ்பத்திரிகளுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் அந்த லாண்டரியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாருமில்லை. எல்லோருக்கும் அவள் சரியக்கா. லீவு கேட்டாலும் சரி சரி, சோப்புத்தூள் தீர்ந்துபோச்சு என்றாலும் சரி சரி. "நாளைக்கு உலகம் அழியப்போகுதுன்னு அக்காகிட்ட போய் சொல்லு. சரி சரி, ஷிப்ட் முடிஞ்சதும் பாத்துக்கலாம்பாங்க" என்று சிரிப்பார்கள். நல்ல மனசு என்று நினைத்து வைத்த பட்டப்பெயர். எதற்குச் சரி சொல்கிறோம் என்பதே பாதி நேரம் தனக்குக் கேட்பதில்லை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

இருபத்து மூன்று வருடம் இயந்திர இரைச்சலில் நின்றதில் இடது காது ஓய்ந்தே போயிருந்தது. வலது காதும் பாதிதான். மகள் கண்டுபிடித்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். காது மிஷினும் வாங்கியாயிற்று. வாங்கிய அன்றைக்கே அது பெட்டியோடு பீரோவுக்குள் போய்விட்டது.

"பீரோவுக்குள்ள வச்சா பீரோவுக்குத்தாம்மா காது கேக்கும்" என்றாள் மகள்.

"போடறேன், போடறேன். அடுத்த வாரத்துல இருந்து."

அந்த அடுத்த வாரம் ஒன்றரை வருடமாக வரவில்லை. இஸ்திரிப் பிரிவில் இருபத்திரண்டு பேருக்கு அவள் சூப்பர்வைசர். அந்த இடத்துக்கு வர அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. காதில் மிஷினோடு போய் நின்றால், செவிட்டுக்கு எதற்குப் பதவி என்று யாராவது வாயைத் திறப்பார்கள் என்ற பயம். ஆகவே உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கப் பழகினாள். எப்போதும் ஆட்களைத் தன் வலப்பக்கம் நிறுத்திக்கொண்டாள். பிடிபடாததற்குத் தலையாட்டினாள்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், ஷிப்ட் முடிகிற அவசரத்தில், மெக்கானிக் அவளுடைய இடப்பக்கமாக வந்து நின்றார். அவர் அவளைவிட நாலைந்து வயது மூத்தவர், அவளுக்கு அண்ணன் முறை மாதிரி. மூன்றாம் நம்பர் உருளையைக் காட்டி என்னவோ சொன்னார். கொதிக்கக் கொதிக்கச் சுழலும் அந்த உருளைக்குள் ஈர விரிப்பைக் கொடுத்தால் மறுபக்கம் காய்ந்து வழவழவென்று வரும். முன்னால் இடுப்பு உயரத்தில் ஒரு சிவப்புக் கம்பி இருக்கும். ஆபத்தென்றால் அதைத் தட்டினால் போதும், உருளை நின்றுவிடும்.

"சரி சரிண்ணே, பாத்துக்கறேன்" என்றாள். பாய்லரில் ஏதோ கோளாறு என்று கூப்பிடவே அவர் ஓடிவிட்டார்.

மறுநாள் காலை மூன்றாம் நம்பரில் இரட்டைப்பின்னலை நிற்க வைத்தாள் சரியக்கா. முப்பது வயதிலும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இரண்டு பின்னல் போட்டுக்கொண்டு வருகிறவள் என்பதால் அந்தப் பெண்ணுக்கு அந்தப் பெயர். பத்து மணி வாக்கில் விரிப்போடு சேர்ந்து அவளுடைய வலது கையும் உள்ளே போனது. சிவப்புக் கம்பியை அடி அடியென்று அடித்தாள். அது வேலை செய்யவில்லை. அலறினாள். பத்தடி தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு, விரிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தாள் சரியக்கா. எதிரே இருந்தவர்கள் தன்னைத் தாண்டி ஓடுவதைப் பார்த்துத்தான் திரும்பினாள். அதற்குள் யாரோ மெயின் சுவிட்சை அணைத்திருந்தார்கள்.

மத்தியானம் மேனேஜர் அறையில் விசாரணை நடந்தது.

"கம்பி இறுகிக்கிடக்கு, மூணாம் நம்பரை ஓட்டாதீங்கன்னு நேத்தே சொன்னேன் சார். போர்டு மாட்டாம போனது என் தப்புதான். ஆனா சொன்னேன்" என்றார் மெக்கானிக்.

மேனேஜர் அவளைப் பார்த்தார்.

"என்கிட்ட யாரும் எதுவும் சொல்லல சார்."

அது பொய் மாதிரியே அவளுக்குத் தோன்றவில்லை. காதில் விழாததை யார் சொன்னால்தான் என்ன? ஆனால் மெக்கானிக் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை. அன்றைக்கே அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

அவளுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கையில் பெரிய கட்டோடு படுத்திருந்த இரட்டைப்பின்னல், அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கட்டிலின் வலது ஓரத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள் சரியக்கா. பிறகு அந்தப் பெண்ணே அவள் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணு கேக்கட்டுமாக்கா? முந்தின நாள் லீவு விஷயமா உங்ககிட்ட கொஞ்சம் வாய் பேசிட்டேன். அதுக்காகவா நான் கத்தினப்போ திரும்பிப் பாக்கல?"

சரியக்கா ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்தாள். மூன்று நாளாக வலியோடு வலியாக இதையும் இவள் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள்.

"ஐயோ, இல்லம்மா. எனக்குக் கேக்கல. எனக்குக் காது கேக்காதும்மா." இத்தனை வருடமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்தது ஒரே மூச்சில் வந்து விழுந்தது. "மெக்கானிக் அண்ணன் சொன்னதும் கேக்கல. கேட்ட மாதிரி தலையாட்டிட்டேன்."

இரட்டைப்பின்னல் அழவில்லை, திட்டவுமில்லை. "அப்ப எங்க உசுரெல்லாம் உங்க தலையாட்டல்லதான் இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

அங்கிருந்து நேராக மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள் சரியக்கா. அவர் மேஜையைத் தட்டிக் கத்தினார். அவர் கத்தியதில் ஒரு சொல்லையும் அவள் தவறவிடவில்லை. மறுநாள் மெக்கானிக் வேலைக்குத் திரும்பினார். சரியக்காவைத் துணி மடிக்கும் மேஜைக்கு மாற்றினார்கள். மன்னிப்புக் கேட்கப் போனபோது மெக்கானிக் திருகாணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "காது போனது உன் குத்தமில்லம்மா. அந்த ரூம்ல சொன்னியே, அதுதான்" என்றார்.

காது மிஷினை மாட்டிக்கொண்டாள். முதல் வாரம் குழாயில் விழும் தண்ணீர்கூடத் தலையில் கொட்டுவது போல இருந்தது. ஏழு மாதம் கழித்து, புதிதாக வந்த சூப்பர்வைசர் வேலையிலிருந்து நின்றுவிடவே, மேனேஜர் அவளையே மறுபடி அந்த இடத்துக்குக் கூப்பிட்டார். வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னாள். பிறகு இருபத்திரண்டு பேரையும் நிற்க வைத்துப் பேசினாள்.

"எனக்கு இடது காது சுத்தமா கேக்காது. வலதுல மிஷின் இருந்தாத்தான் கேக்கும். நீங்க சொன்னதை நான் திருப்பிச் சொல்லணும். சொல்லலைன்னா எனக்குக் கேக்கலைன்னு அர்த்தம், நகராதீங்க. தினமும் காலையில சிவப்புக் கம்பியை நான் தட்டி, உருளை நின்ன பிறகுதான் யாரும் துணியைத் தொடணும்."

பின்வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அது தெளிவாகவே கேட்டது. சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

இரட்டைப்பின்னலும் வேலைக்குத் திரும்பியிருந்தாள், மடிக்கும் மேஜைக்கு. மூன்று விரல்கள் மடங்குவதில்லை. விரிப்பின் முனையை மணிக்கட்டால் அழுத்திப் பிடித்து, இடது கையால் மடித்துக்கொண்டிருந்தாள். சரியக்கா போய் மறுமுனையைப் பிடித்தாள்.

"விடுங்கக்கா. நானே பழகிக்கறேன்."

"விடுங்க, நானே பழகிக்கறேன்னு சொல்ற. சரிதானேம்மா?"

அந்தப் பெண் தலையசைத்தாள். சரியக்கா துணியை விட்டுவிட்டு உருளைகளின் பக்கம் நடந்தாள்.