மாமா மகளோடு ஒரு டிரா

எங்கள் வீட்டுக்கும் மாமா வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனதற்கு வாட்ஸப்தான் காரணம். புது வீட்டுப் பால்காய்ச்சுக்குத் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைக்க வேண்டிய மைத்துனருக்கு, லோடு ஏற்றப் போகிற அவசரத்தில் அப்பா பத்திரிகையைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார். மாமா வரவில்லை. அம்மாவுக்குக் கூடப்பிறந்தது அவர் ஒருவர்தான். திருச்சுழியில் பஸ் ஏறும்போதெல்லாம் அவர் கடைப் பக்கம் பார்ப்பாள், பிறகு பார்க்காதது போல உட்கார்ந்துகொள்வாள்.

அந்த வருஷம் அருப்புக்கோட்டையில் நடந்த செஸ் போட்டியின் கடைசிச் சுற்றில் என் எதிரே வந்து உட்கார்ந்தது யாரென்கிறீர்கள்? சாட்சாத் மாமா மகள். ஜெயிப்பவளுக்குக் கோப்பை. எனக்கோ கோப்பையைவிட அவளைத் தோற்கடிப்பதுதான் பெரிது. அப்பாவின் மானமே என் கையில் இருப்பதாக நினைப்பு.

யூடியூபில் பார்த்துப் பழகிய சிசிலியன் டிராகனை ஆடினேன். வெட்டுக்குத்துக்குப் பேர்போன ஆட்டம் அது. அவளும் அதே வீடியோவைப் பார்த்திருப்பாள் போல, சிப்பாய்களை என் ராஜா மேல் ஏவிவிட்டாள். நான் யானையைக் கொடுத்துக் குதிரையை வெட்டி, ராணியோடு உள்ளே புகுந்தேன். மேட் மட்டும் சிக்கவில்லை. செக் வைப்பதை நிறுத்தினால் நான் காலி. அவள் ராஜா அந்தக் கட்டத்துக்கும் இந்தக் கட்டத்துக்குமாக அலைய, விடாமல் செக் வைத்துக்கொண்டிருந்தேன். ஒரே நிலை மூன்று தடவை வந்துவிட்டது, இருவருக்கும் வெற்றி இல்லை, டிரா என்றார் நடுவர். வேண்டாவெறுப்பாகக் கை கொடுத்துக்கொண்டோம். கோப்பை வேறொருத்திக்குப் போனது.

வெளியே வந்தால், மகளைக் கூட்டிப்போக வந்திருந்த மாமாவிடம் அம்மா நேரே போய் நிற்கிறாள்.

"அண்ணே, புள்ளைகளே சண்டையை விட்டுட்டுக் கை குடுத்துருச்சுக. நமக்கென்ன வந்துச்சு? வீட்டுக்கு வாண்ணே."

மாமா செருப்பை மாட்டிக்கொண்டார். பிறகு, "காப்பி போடுவியா?" என்றார்.

எனக்கு மானமே போய்விட்டது. பஸ்ஸில் மாமா காதில் விழாமல் அம்மாவைக் கடிந்துகொண்டேன். ஆட்டம் முடிந்தால் எல்லாரும்தான் கை கொடுப்பார்கள், அது சமாதானமில்லை, ஒன்றும் தெரியாமல் உளறாதே என்றேன். எனக்கென்னத்தா தெரியும் என்று சொல்லிவிட்டு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

காலையிலிருந்து ஹால் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஒவ்வொரு ஆட்டத்தையும் பார்த்தவள் அவள். தோற்று அழுத பிள்ளைகள்கூடக் கை கொடுத்துவிட்டுத்தான் எழுந்தன. அதை அவள் பார்க்காமலா இருந்திருப்பாள்? அன்றைக்கு எனக்கு இது உறைக்கவே இல்லை.